இரண்டு ஈர்க்குகள்

வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியில் பாஸ் காட்டி ஊர் திரும்புகிறவர்களின் வரிசை. எனக்கு முன்னால் மல்லாவியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரியூட்டரி வகுப்பு நடத்துகிற ஒருவரும், குடையோடு ஒரு பெரியவரும் நின்றார்கள்.

“கொம்பியூட்டருக்கு ஈர்க்கிலை அளவெடுத்தனான், அண்ணை,” என்றார் ரியூட்டரிக்காரர். அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்தேன்.

“கொம்பியூட்டருக்கோ?”

“ஓம். திரையிலை படம் வாறேல்லை. உள்ளுக்கை படம் காட்டுற கார்ட் எரிஞ்சுபோச்சு. பழைய பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு செக்கிங்கும் தாண்டி வரேலுமே? கார்ட் செருகிற பள்ளத்தை அளந்து ஈர்க்கை முறிச்சுக்கொண்டு வந்தனான்.”

“கடைக்காரர் என்ன சொன்னவர்?”

“நீளம், கட்டை எண்டு ரெண்டு கார்ட் காட்டினவர். என்ன பெட்டி எண்டு கேட்டார். வெள்ளைப் பெட்டி எண்டன். எல்லாப் பெட்டியும் வெள்ளைதான் எண்டார். பிறகு ஈர்க்கை வைச்சுப் பாத்துக் கட்டையை வாங்கினன்.”

காட்டுவதற்காகச் சட்டைப்பைக்குள் கை விட்டார். இரண்டு ஈர்க்குகள் வந்தன.

“மற்றது என்ன?”

“சின்னவளுக்குச் செருப்பு வாங்க எடுத்த அளவு. அதுவும் வாங்கியிட்டன்.”

“எது செருப்பு, எது கார்ட்?”

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை.

“கட்டைதான் கார்ட்... பொறுங்கோ. நீளம்தானோ?”

“திரும்பிப் போய்க் கேளுமன்.”

“இண்டையோடை பாஸ் முடியுது, அண்ணை. பிள்ளையளின்ரை கேள்வித்தாள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கு.”

பெரியவர் இரண்டு ஈர்க்குகளையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப வீட்டை போனவுடனை பெட்டியைக் கழட்டாதையும், தம்பி. முதல்லை பிள்ளைக்குச் செருப்பைப் போட்டுப் பாரும்.”