ஒரே முகம், மூணு மெயில்

நாகர்கோவிலிலிருந்து மயிலாடி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க சர்வர்ல மாதாவும் முத்தாரம்மனும் ஒரே ஆளுட்டி" என்றாள் சன்னலோரத்துக்காரி. நான் பேப்பரை மடித்து மடியில் வைத்தேன்.

"என்னத்தட்டி சொல்லுக?" என்றாள் மற்றவள்.

"நான் வேல பாக்குற சிலை செய்யுற ஆபீஸ்ல மெயில் சர்வர் நெறஞ்சு போச்சு. மெயில்ல சேத்து அனுப்புன படமெல்லாம் அதுல தனியா கெடக்கு. பேரு கிடையாது, வெறும் நம்பர்தான். எது எந்த மெயிலுக்குள்ளதுன்னு தேடிப் பாத்துத்தான் அழிக்கணும்."

"செரி."

"ஒரு பொம்பள படம். அனுப்புனதுல தேடுனா ரெண்டு மெயிலு காட்டுது. ஒண்ணு கடப்புறத்து சர்ச்சுக்குப் போனது, மாதா செலைக்கு மொகம் இப்பிடி இருக்கும்னு. மத்தது முத்தாரம்மன் கோயிலுக்கு. ரெண்டும் எங்க சிற்பி அனுப்புனது. ஒரே படத்த எத்தன பேருக்கு அனுப்புனாலும் சர்வர் ஒண்ணுதான் வச்சுக்கிடும்."

"யாருட்டி அந்தப் பொம்பள?"

"வந்த மெயில்லயும் தேடுனேன். ரெண்டுக்கும் முந்தி, அதே படத்தோட ஒரு மெயிலு வந்திருக்கு. குவைத்துல நர்ஸா இருக்க அந்தச் சிற்பிக்க பொண்டாட்டி அனுப்புனது."

"வாசிச்சியா?"

"ஒரே வரிதான். 'எனக்க மொகத்த மறந்திரப்பிடாது.'"

மற்றவள் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"படத்த அழிச்சியா?"

"அத அழிச்சா மூணு மெயில்லயும் மொகம் போயிரும்லா மக்கா."

மயிலாடியில் இறங்கியவர்கள், ரோட்டோரம் செதுக்கி நிறுத்தியிருந்த சிலைகளை ஒவ்வொன்றாக முகம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பஸ் நகரும் வரை நானும் பார்த்தேன்.