ஏழாவது இன்னிங்ஸில் தட்டாத கை

— திரும்பாதே ரஸ். எதுவா இருந்தாலும் முன்னால பார்த்தே பேசு.

— நான் எங்க திரும்பினேன்? கேட்சர் திரும்பி அம்பயர் மூஞ்சியைப் பார்த்தாலே சண்டைன்னு மைதானமே ஊளையிட ஆரம்பிச்சிரும். பேஸ்பால்ல இந்த மரியாதைகூடத் தெரியாதவனா நான்? ஆனா மார்கிட் அக்கா, சத்தியமா சொல்றேன், அந்தக் கடைசிப் பந்து ஸ்ட்ரைக் பெட்டி ஓரத்தை உரசிக்கிட்டுத்தான் போச்சு.

— உரசல. நாலு பந்தும் வெளிய. அதான் அவன் மட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, சும்மா நடந்தே போய் முதல் பேஸ்ல நிக்கிறான். வேலையைப் பாரு.

— நிக்கிறான், நிக்கிறான். மூணு பேஸ்லயும் ஆள் நிக்கிறான். ஒம்பதாவது, கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், இன்னொண்ணு விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது, நாங்க ஒரே ஒரு ரன் முன்னால. பந்து போடற எங்க பிட்சரைப் பாருங்க, வெளுத்துப்போய் நிக்கிறான்.

— உரசிச்சுன்னா உன் தலையில தட்டிச் சேலஞ்ச் பண்ண வேண்டியதுதானே? உங்களுக்கு ஒண்ணு பாக்கியிருக்கு. மெஷின் பார்த்துச் சொல்லிட்டுப் போகுது. தட்டாம வாயடிக்கிற ஆளில்லையே நீ.

— சரி, அது வெளியதான். சும்மா சொன்னேன். ஆனா ஏழாவது இன்னிங்ஸ்ல...

— ஏழாவதுல என்ன?

— ஒண்ணுமில்ல. விடுங்க.

— ரஸ்.

— கீழ் மூலையில ஒரு பந்து வந்துச்சே, நீங்க வெளியன்னு சொன்னீங்களே, அது உள்ளதான். நல்லா பெட்டிக்குள்ள. தட்டலாம்னு கை பாதி தூரம் போயிருச்சு. இறக்கிட்டேன்.

— அந்தப் பேட்ஸ்மேன் நடந்து போனான். அப்புறம் ரன்னும் எடுத்தான்.

— எடுத்தான்.

— ஏன் இறக்கினே?

— நமக்குப் பின்னால நாலாவது வரிசையில வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, பார்த்தீங்களா? மடியில கம்ப்யூட்டர். ஒரு பந்து விடாம தட்டெழுதறார். ஹாட் டாக்கூட வாங்கல மனுஷன். பெரிய லீக்ல அம்பயர் இடம் ஒண்ணு காலின்னு ஊருக்கே தெரியும். உங்களை எடைபோடத்தான் வந்திருக்கார். ஏற்கெனவே இன்னிக்கு ரெண்டு தடவை நீங்க சொன்னது தப்புன்னு மெஷின் போர்டுல பெருசா காட்டிருச்சு. மூணாவதையும் என் கையாலயே போட்டுக் குடுக்கணுமா?

— உன்கிட்ட நான் பிச்சை கேட்டேனா?

— பிச்சைன்னு ஏன் சொல்றீங்க? மே மாசம் என் கட்டைவிரல்ல பந்து பட்டு உயிரே போச்சே, அப்ப நீங்க சுத்தமா இருந்த, தரையில பதிச்ச பிளேட்டைக் குனிஞ்சு துடைதுடைன்னு துடைச்சீங்க. நான் மூச்சு வாங்கிக்கட்டும்னுதான் துடைச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா?

— அது வலிக்கு. வலிக்கு யாரு வேணா யாருக்கும் நேரம் குடுக்கலாம். இது தீர்ப்பு. எத்தனை வருஷமா மோட்டல் படுக்கையும் ஆறிப்போன பர்கருமா அலையறேன்! பொம்பளைக்கு என்னடா பந்து தெரியும்னு ஊர் ஊரா கத்தினதையெல்லாம் கேட்டாச்சு. அதெல்லாம் எனக்குச் சுடல. நீ விட்டுக் குடுத்தே பாரு, அதுதான் சுடுது.

— கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு இனிமே என்ன இருக்கு? முப்பத்தஞ்சாகுது. பெரிய லீக்ல ஒரு மாசம் தலையைக் காட்டினேன், திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. சீசன் முடிஞ்சா மாமனாரோட டயர் கடையில கல்லாவுல உக்காரணும், பொண்டாட்டி முடிவே பண்ணிட்டா. உங்களுக்காவது விடியட்டுமேன்னு...

— கடையில போய் எப்படி வேணா உக்காரு. இப்ப என் முன்னால குந்தியிருக்கே. நான் சொன்னது தப்புன்னு தோணினா ரெண்டு செகண்டுக்குள்ள தட்டணும். எந்த டீம் கேட்சரா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். என் முகத்துக்காகக் கையை இறக்கினே, இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே.

— சரி சரி. அடுத்த பேட்ஸ்மேன் வந்துட்டான்.

— குட் ஈவினிங் மேடம்! ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? யாராச்சும் போயிட்டாங்களா?

— போகப்போறது உன் டீம்தான், வில்மர். அந்தச் சூரியகாந்தி விதைத் தோலை என் ஷூ மேல துப்பாம நில்லு.

— அட போ கிழவா. மேடம், என்னைப் பார்த்துக்கங்க. ஆளு குட்டை, என் பெட்டியும் குட்டை. மேல வர்றதையெல்லாம் உள்ளன்னு ஸ்ட்ரைக் குடுத்துராதீங்க, மூணு ஆச்சுன்னா நான் அவுட்.

— பேப்பர்ல ஆறடின்னு போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே, அந்த வில்மர் எங்கடா?

— பிப்ரவரியில மெஷினுக்காக ஷூவைக் கழட்டி அளந்தாங்களே, அன்னிக்கே அவன் செத்துட்டான். குட்டையா இருந்தா பெட்டி சின்னதாகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்கூல்லயே வளராம நின்னிருப்பேன்.

— உன் முழங்கால் எங்க, இடுப்பு எங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. மட்டையைத் தூக்கு.

— வரட்டும்.

— ஸ்ட்ரைக்!

— ஐயோ சாமி, அதுவா?

— அதேதான். உங்க சேலஞ்ச் ரெண்டும் தீர்ந்து போச்சு. புலம்பாம ஆடு.

— பால்! கீழ போச்சு, பெட்டிக்கு வெளிய.

— ஸ்ட்ரைக் ரெண்டு!

— ஐயோ அக்கா! மட்டையில உரசி உங்க முகமூடியிலயே இறங்கிருச்சே!

— ஒண்ணுமில்ல.

— என்ன ஒண்ணுமில்ல, மண்டைக்குள்ள மணி அடிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. நில்லுங்க, பிட்சர்கிட்ட ரொம்ப முக்கியமான விஷயம் ஒண்ணு பேசணும். ஆடி அசைஞ்சு போயிட்டு வர்றேன்.

— போ. இது வலிக்கு. இதை வாங்கிக்கறேன்.

— மேடம், இது எத்தனை விரல்?

— மூணு, வில்மர். நகத்துல அழுக்கு.

— கண்ணு நல்லாத்தான் இருக்கு. தண்ணி கொண்டுவரச் சொல்லட்டா?

— வேணாம். உன் கிழவன் வந்துட்டான் பாரு.

— வந்துட்டேன் அக்கா. ராத்திரி என்ன சாப்பிடலாம்னு கேட்டேன், டாக்கோன்னு சொல்றான். தலை சுத்துதா?

— இல்ல. ஆடுங்க.

— பால்!

— பால்! மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்.

— கிழவா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். வெளிய போச்சுன்னா நான் நடப்பேன், எல்லாரும் ஒரு பேஸ் நகர்ந்து மூணாவதுல நிக்கிறவன் இந்தப் பிளேட்டுக்கு வருவான், ரன் சமம்.

— உள்ள வந்தா நீ குளிக்கப் போவே.

— பால்! நாலு!

— நடக்கிறேன்டா சாமி! ஏய், வாடா, வாடா, ரன்னு! ஏய்... கிழவன் என்ன பண்றான்?

— தட்டிட்டேன். அக்கா, தட்டிட்டேன்.

— பார்த்தேன். மைக்கை எடுக்கறேன், தள்ளு. ரசிகர்களே, பந்து வெளியன்னு நான் குடுத்த தீர்ப்பைக் கேட்சர் டெலாகோர்ட் எதிர்க்கிறார். மெஷின் பார்க்கும்.

— அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு உள்ளன்னுதான்...

— வாயை மூடிக்கிட்டுப் போர்டைப் பாரு.

— வெளிய போ, வெளிய போ, என் ராசா பந்தே, வெளிய போயிரு... அடச்சே! தொட்டிருச்சு! ஓரத்தைத் தொட்டிருச்சே!

— ரசிகர்களே, என் தீர்ப்பு தப்பு. ஸ்ட்ரைக் மூணு. பேட்ஸ்மேன் அவுட். ஆட்டம் முடிஞ்சுது.

— மேடம், ஒரு மயிரிழை! அதுக்குப் போய் ஒரு ஆட்டமா?

— மயிரிழை உள்ள இருந்தாலும் உள்ளதான், தம்பி. நல்லா நின்னே. போய்க் குளி.

— போறேன். கிழவா, நீ ஊரெல்லாம் சொல்லித் திரியற அந்த டயர் கடையில நான் டயர் வாங்க மாட்டேன், பார்த்துக்க.

— அக்கா... மூணாவதும் மாறிப்போச்சு. தொப்பிக்காரர் எழுந்துட்டார். நாங்க ஜெயிச்சோம், எனக்குத்தான் சந்தோஷமே வரமாட்டேங்குது.

— நீ இன்னிக்குப் பண்ணினதுலயே உருப்படியான வேலை இதுதான். மூணு தப்பும் என்னோடது, நானே சுமந்துக்கறேன். இப்ப திரும்பலாம் ரஸ், ஆட்டம் முடிஞ்சாச்சு. அவர் எங்க போறார்னு பாரு.

— கீழ இறங்கறார். என்னது, எங்க டீம் வாசலுக்கு வர்றார்? அம்பயர் ரூம் அந்தப் பக்கமில்ல இருக்கு?

— என்னை எடைபோடறவங்க போன வாரமே வந்துட்டுப் போயிட்டாங்க. இவர் பெரிய லீக்ல உங்க டீமை நடத்துற பெரிய டீமோட ஆளு. அங்க கேட்சருக்கு முட்டி போயிருச்சு. சாயங்காலம் கார் நிறுத்துற இடத்துல என்கிட்ட உன் பேரைச் சொல்லித்தான் விசாரிச்சார். எந்தக் கேட்சர் சரியா தட்டறான், எவன் பயந்து விட்டுடறான்னு பார்க்கறதுதான் அவருக்கு வேலையே.

— என்னையா? அக்கா, தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல?

— ஆட்டத்துக்கு நடுவுல ஒரு டீமுக்கு மட்டும் சேதி சொல்ற அம்பயர் இல்ல நான். முகத்தைத் துடைச்சுக்கிட்டு நேரா நில்லு. அவர் முதல்ல கேக்கப்போறது அந்த ஏழாவது இன்னிங்ஸ் பந்தைத்தான்.