சொன்னதாகவே கொள்ளப்படும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், வக்கீலம்மா. சற்றுப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பதினோரு வருடமாக நான் எழுதியதெல்லாம் இன்னொருவர் சார்பாகத்தான். எனக்காக உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதலாளியின் கண்ணாடிக் கடையில் ஆர்டர் எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவு பார்த்து அறுத்துக் கொடுக்கிற கடை. கீழே கடை, மாடியில் அவர் வீடு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனியாள். ஒரே மகள் கல்யாணமாகி, காரில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊரில் இருந்தாள். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் குழறியபோது எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். வாங்கலாம், விற்கலாம், பேசலாம், கையெழுத்துப் போடலாம். நான் செய்தால் அவர் செய்தது மாதிரி. கடைப் பையன்கள் எனக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பெயர் வைத்தார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

கொடுத்த அதிகாரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பழைய புத்தகக் கடையில் ஒரு சட்டப் புத்தகம் வாங்கினேன். அதில் அவருக்கு முதல்வர் என்று பெயர், எனக்கு முகவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் படிப்பேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததில்லை என்பதால் துணிகளை அதில் போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு முறை அவரைக் கேட்காமலே நாற்பது தகடு நிறக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. முறைத்தார், பிறகு சரி, வரட்டும் என்றார். முதல்வர் பின்னால் ஒப்புக்கொண்டாலும் முன்னாலேயே சொல்லிச் செய்ததாகத்தான் ஆகும் என்கிறது புத்தகம். எனக்குப் பிடித்த விதி வேறு. வேலை சம்பந்தமாக முகவரிடம் ஒன்றைச் சொன்னால், முதல்வரிடமே சொன்னதாகக் கொள்ளப்படும். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு மனிதருக்கு நான் காதாக இருக்கிறேன் என்று நினைக்க நன்றாக இருந்தது.

தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு டம்ளர் தேநீருடன் மாடிக்குப் போவேன். அவர் குழறிக் குழறிப் பேசுவது எனக்கு மட்டும்தான் உடனே புரியும். அவரைக் கவனித்துக்கொள்ள வந்த அம்மாகூட, அவர் வாயைத் திறந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிப்பானேன்.

போன வருடம் மகள் வந்து, கடையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டைத் தள்ளிவிட்டார். அவள் அழுதுகொண்டே போனாள். மாடித் தொலைபேசியைக் கழற்றச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்:

"அவ கூப்பிட்டா நீயே பேசு. நீ சொல்றதுதான் நான் சொல்றது."

வாயால் கொடுத்தாலும் அதிகாரம் அதிகாரம்தான். கவனித்துக்கொள்ளும் அம்மா சாட்சி.

அவருடைய கோபம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பாப்பா கூப்பிட்டாளா என்று கேட்டார். நாற்பது வயது மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான். அதற்குள் அவள் கீழே இரண்டு முறை பேசியிருந்தாள். இல்லைங்க என்றேன். அவளிடம், அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்றேன். இருவரும் நம்பினார்கள். பத்து வருடமாக நான் சொன்னதெல்லாம் அவர் சொன்னதாகவே இருந்திருக்கிறது. திடீரென்று எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அவருடைய இடத்தில் என்னை உட்கார வைத்தவர் அவர்தானே. சமாதானமாகிவிட்டால் அவள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இந்த வயதில் இடம் மாறினால் அவர் உடம்பு தாங்காது. அதற்காகத்தான் செய்தேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது.

"மாமா, வயித்துல கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி அப்பாவ ஒரு தடவை பாத்துடணும். நீங்க சொன்னா வந்துடுவாரு மாமா."

சொல்றேம்மா என்றேன். என்னை மாமா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள். நான் மாடிக்குப் போய்ச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொன்னாள், ஆகவே சட்டப்படி அவரிடம் சொல்லியாகிவிட்டது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, அப்பா வரலைன்னு சொல்லிட்டாரும்மா என்றேன். "சரி மாமா, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். சட்டப்படி பார்த்தால் அவளுக்கு வரமாட்டேன் என்று சொன்னது அவர்தான், நான் இல்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அவள் கண் விழிக்காமலே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை கூப்பிட்டு அழுதார். பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிடுகிறேன், ஆனால் அவர் பயணம் செய்யும் நிலையில் இல்லை என்றேன். அன்றைக்கும் தேநீர் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். பாப்பா பேசினாளா என்று கேட்டார். பேசினாங்க, நல்லா இருக்காங்க, உங்க மேல கோவம் எல்லாம் போயிடுச்சாம் என்றேன்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். தினமும் அவள் சொன்னதாக ஏதாவது ஒன்று சொல்வேன். மருந்தை ஏமாற்றாமல் சாப்பிடச் சொன்னாள், தலைமுடியை வெட்டிக்கொள்ளச் சொன்னாள், இப்படி. அவர் பதிலுக்குச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலரும். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன். இரு தரப்பும் சம்மதிக்காமல் ஒரே ஆள் இருவருக்கும் முகவராக இருக்கக் கூடாது. இறந்துபோனவருக்கு முகவரே கிடையாது. இந்த இரண்டு விதிகளையும் மீறினேன். ஒப்புக்கொள்கிறேன்.

இருபதாம் நாள் நான் ஒரு கடை முகப்புக்கு அளவெடுக்கப் போயிருந்தபோது மாப்பிள்ளை வந்திருக்கிறார். திரும்பி வந்தால் கண்ணாடி அறுக்கிறவர் வேலையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாடிக்குப் போனேன். முதலாளி மகளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்கும் புரியவில்லை. பழக்கதோஷத்தில் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாரு?" என்றார் மாப்பிள்ளை.

"என்னை வெளிய அனுப்பச் சொல்றாரு. இனிமே என் மூஞ்சியில முழிக்க மாட்டாராம்."

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படி இறங்கி வெளியே போனேன். பவர் ரத்து என்ற உங்கள் கடிதம் நாலு நாள் கழித்துத்தான் வந்தது.

இனி அவர் உங்களிடம் பேசுவார். அவர் பேச்சு உங்களுக்குப் பிடிபட நாளாகும். அதற்குள் மேலே எழுதியதில் நானே ஒரு திருத்தம் செய்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போய்ச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொன்னேன். ஆபரேஷன், வெள்ளிக்கிழமை, பார்க்க வேண்டும் என்கிறாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இடது கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"நாளைக்கே கார் சொல்லு. நாலு பேர் சேந்து நாற்காலியோட தூக்கி இறக்குங்க. இந்தம்மா கூட வரட்டும். நான் இனி அங்கயே இருந்துடுறேன்."

என்ன செய்வது என்று வாய்விட்டுத் தெளிவாகச் சொன்ன பிறகு முகவருக்குச் சொந்த யோசனை கிடையாது. அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை மகளிடம் அவர் வரவில்லை என்றேன். அவரிடம், டாக்டர் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டாராம், கொஞ்ச நாளில் பாப்பாவே இங்கே வருகிறாளாம் என்றேன். நம்பினார். வேட்டியை மாற்றிக் காலையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தவர், மறுபடி படுத்துக்கொண்டார்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கலாம். அப்படியில்லை, வக்கீலம்மா. அவர் கார் சொல்லச் சொன்ன பிறகு நான் உடனே இறங்கி வந்துவிடவில்லை. காலி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வெகுநேரம் நின்றேன். நீயும் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிடமே கார் சொல்லியிருப்பேன்.