வாசல்ல நிக்கிறவர்

– கூப்பிட்டது உங்க ரெண்டு பேரையும்தானே அக்கா. நீங்க மட்டும் உள்ள வந்து உக்காந்துட்டீங்க, அவரு ஏன் படிக்கு வெளியவே நிக்கிறாரு? மழையும் இல்ல, கையில விரிச்ச குடை வேற. எதிர் வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க.

– அவன் என் கொழுந்தன்ங்க. நீங்க வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான் வருவான்.

– கதவு தொறந்துதானே கிடக்கு.

– கதவு தொறந்திருந்தா பத்தாது. ‘வாங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

– வாங்க சார்.

– அப்பாடா. நன்றிம்மா. ஏன் அண்ணி, மொத வேலையா இதச் சொல்லக் கூடாதா? மாடிப்படி ஜன்னல் வெயில் நேரா முதுகுல விழுது, வெந்தே போயிட்டேன்.

– சொல்லிட்டுத்தானே இருந்தேன் தம்பி. உக்காரு. தொப்பிய எடு.

– என்னக்கா இது, மனுஷன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இப்படி வெளுத்துப் போய். உங்களுக்கும் கடி பட்டிருக்கா சார்?

– ரெண்டு வருஷம் ஆச்சும்மா. என் நேரம். நான் பல்செட் செஞ்சு குடுக்குற ஆளு. ஒரு பெரியவருக்கு வீட்டுக்கே போய் அளவெடுத்தேன். மாவக் குழைச்சு வாயில வச்சு, ‘நல்லாக் கடிங்க ஐயா’ன்னு நான்தான் சொன்னேன். கடிச்சாரு.

– அப்போ நீங்க...

– ஆமா.

– ரத்தம் குடிக்கிற அந்த...

– சொல்லாதீங்கம்மா, குமட்டுது. கறிக்கடையில வடிச்சு விடுறத ஒரு டம்ளர் வாங்கி, மூக்கப் பொத்திட்டு மருந்து மாதிரி முழுங்குறேன். அதுவும் அண்ணி பக்கத்துல நின்னு அதட்டினாத்தான்.

– அக்கா, இவரப் போயி என் வாயாலயே வீட்டுக்குள்ள கூப்பிட வச்சுட்டீங்களே.

– பயப்படாதீங்க. பல்லுக்கு ரப்பர் உறை மாட்டியிருக்கான், அவனே செஞ்சது. காட்டு தம்பி.

– ஈ.

– போதும் சார். மூடிக்கோங்க.

– எங்களப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னாங்க?

– ஒரு நர்ஸம்மா என்கிட்டதான் துணி தைக்கக் குடுப்பாங்க. அவங்க வேலை பாக்குற இடத்துல, லிஃப்டுக்குள்ள ஏதோ ஒண்ணு அழுதுட்டே இருந்துச்சாமே. நீங்க ரெண்டு பேரும் வந்துதான் விரட்டினீங்கன்னு சொன்னாங்க.

– விரட்டலங்க, உக்கார வச்சுப் பேசி அனுப்பினேன். இவன் மயக்கம் போட்டு விழுந்துட்டான், இவனுக்குத் தண்ணி தெளிக்கத்தான் நேரம் ஆச்சு.

– அத எதுக்கு அண்ணி எல்லா வீட்லயும் சொல்றீங்க.

– சரி, வேலையப் பாப்போம். உங்களுக்கு இது எத்தன நாளா நடக்குது?

– பதினோரு நாளா. நான் கண்ண மூடிட்டு ஓட்டினாலும் தையல் நேராப் போகும்க்கா. இப்ப இந்த ஜாக்கெட்டப் பாருங்க, பாம்பு ஊர்ந்த மாதிரி போயிருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டு, லைட்ட அணைச்சு மிஷின் மேலயே தலையச் சாய்ப்பேன். அரை மணி நேரம் என்ன நடக்குதுன்னே தெரியாது. முழிச்சா கழுத்துல ஈரம்.

– பட்டப்பகல்லயா?

– இந்த ரூமுக்கு ஏதுக்கா ஜன்னல். லைட்ட அணைச்சா பகலும் இருட்டுதான்.

– கழுத்தக் காட்டுங்கம்மா. கை படாது, ஸ்கேல் மட்டும் வைக்கிறேன். இது என்ன அண்ணி?

– என்ன?

– ஒரு பக்கம்தான் ஓட்டை. இன்னொரு பக்கம் கன்னிப் போயிருக்கு, அவ்ளோதான். வலது பல்லு இறங்கியிருக்கு, இடது பல்லு இறங்கவே இல்ல.

– ஒத்தப் பல்லா?

– பல்லு இருக்கு. கூரு இல்ல. எனக்கு என்னமோ... விடுங்க, அப்புறம் சொல்றேன்.

– இப்பவே சொல்லு.

– நிச்சயமாத் தெரியாம சொன்னா என்னக் கொன்னுடுவீங்க. ஒரு தடவ செத்ததே போதும். மொத நீங்க தொட்டுப் பாருங்க.

– எதத் தொடப் போறாங்க சார்?

– ஒரு பொருளத் தொட்டா, அது யாரு யாரு கையில இருந்துச்சு, என்ன செஞ்சாங்கன்னு அண்ணிக்குக் கண்ணுல தெரியும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஆளத் தொட்டா தெரியாது, பொருளுக்குத்தான்.

– இரு இரு, பேசாத. நாற்காலியில நீங்க. ஊசி டப்பாவுல நீங்க. மிஷின் சக்கரத்துலயும் நீங்கதான். கத்தரிக்கோல்ல நீங்க யாரையோ திட்டிட்டே வெட்டுறீங்க.

– அது துணி பத்தலன்னு... அதெல்லாமா தெரியுது?

– இருங்க இருங்க. இந்த மேசை விளிம்பு. இங்க ஒண்ணுமே இல்ல.

– அப்ப யாரும் தொடலயா?

– தொட்டிருக்காங்க. ஆனா துடைச்ச மாதிரி காலியா இருக்கு. இவன் குடிச்சு வச்ச டம்ளரத் தொட்டாலும் எனக்கு இப்படித்தான் இருக்கும். செத்தவங்க கை பட்ட இடம் எனக்கு வெறும் இருட்டு. தம்பி, உன் கூட்டத்து ஆளுதான் வந்திருக்கு.

– அப்படின்னா நீங்க யாரையோ கூப்பிட்டிருக்கீங்கம்மா.

– நான் ஏன் சார் பொய் சொல்லணும்? தனியா இருக்குற பொம்பள நான். துணி குடுக்க வர்ற ஆம்பளைங்க எல்லாம் வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவாங்க. பொம்பளைங்கதான் அளவு குடுக்க உள்ள வருவாங்க. அவங்க சிரிச்சா நான் பல்லப் பாக்காமயா இருப்பேன்?

– கூப்பிடாம எங்களால வர முடியாதும்மா. கால எடுத்து வச்சா சுவத்துல மோதுன மாதிரி இருக்கும். கதவே இல்லாத வீடா இருந்தாலும் வெளிய நிக்க வேண்டியதுதான். நான் நின்னதப் பாத்தீங்களே.

– யாரையும் கூப்பிடல சார். எத்தன தடவ கேட்டாலும் அதான்.

– சரி சரி, அழாதீங்க.

– அழலக்கா, தல சுத்துது. கீழ மருந்துக் கடையில சத்து மாத்திரை சொல்லி வச்சிருக்கேன். ஒரு எட்டு எடுத்துட்டு வந்துடுறேன், நீங்க பாத்துட்டு இருங்க. போயிட்டு வரேன்.

– போயிட்டு வாங்க.

– அண்ணி.

– என்ன?

– இப்ப என்ன சொன்னீங்க?

– என்னத்தச் சொன்னேன். போயிட்டு வாங்கன்னேன்.

– அம்மா, நில்லுங்க. படி இறங்காதீங்க, திரும்பி வாங்க.

– என்ன சார், உயிரே போயிடுச்சு எனக்கு.

– ‘போயிட்டு வாங்க’. அதுக்குள்ள ஒரு ‘வாங்க’ இருக்கு பாத்தீங்களா? நாம யாரையுமே போங்கன்னு சொல்லி அனுப்புறது இல்லையே அண்ணி. வாசல் வரைக்கும் வந்து, போறவங்க முதுகப் பாத்து ‘வாங்க’ன்னுதானே சொல்றோம்.

– அட கடவுளே.

– ரெண்டு வருஷமா இந்த வேலையப் பாக்குறோம். போற வீட்ல எல்லாம் யாரு வந்தாங்க, யாரு வந்தாங்கன்னே கேட்டுட்டு இருந்திருக்கோம். யாரு போனாங்கன்னு ஒரு இடத்துலயும் கேக்கல.

– சார், அப்படிப் பாத்தா நான் ஊர்ல பாதிப் பேரக் கூப்பிட்டு வச்சிருக்கேனே. பட்டன் விக்கிறவரு, பேப்பர்காரரு, தண்ணிக் கேன் போடுறவரு. ஒருத்தர் விடாம சொல்லியிருக்கேன்.

– திரும்பி வந்தவங்கள விடுங்கம்மா. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வராமப் போனவங்க யாராவது?

– வராமப் போனவங்க... ஒருத்தர் இருக்காரு. போன வருஷம் மிஷின் மோட்டார் புகைஞ்சு நின்னு போச்சு. சரி பண்ண வந்தவரு கழட்டிப் பாத்தாரு. ஒயர் கருகிடுச்சு, கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடுறேன்னாரு. போயிட்டு வாங்கன்னேன். அவ்ளோதான், வரவே இல்ல. டூல்ஸ் பையக் கூட விட்டுட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு மிஷினுக்கு அடியிலயே வச்சிருக்கேன்.

– பையா? எடுங்க, தொட்டுப் பாக்குறேன்.

– இந்தாங்கக்கா.

– அண்ணி, வேணாம், குடுங்க. நான் பாத்துக்கிறேன்.

– இந்த வாரு அறுந்து போச்சு தம்பி. நான்தான் கோணி ஊசியில தைச்சுக் குடுத்தேன். கறுப்பு நூல் தீந்து போயி, பச்ச நூல்ல. பை முழுக்கக் கறுப்பு, வாரு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்குன்னு சிரிச்சாரு.

– யாருக்கா சிரிச்சாரு?

– என் வீட்டுக்காரரு.

– அண்ணி, உக்காருங்க.

– உனக்குத் தெரியும். ஸ்கேல வச்சப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சு.

– சந்தேகம்தான். அண்ணனுக்கு இடது பக்கக் கோரைப்பல்லு பாதி உடைஞ்சிருந்துச்சு. அது மேல பீங்கான் கேப் போட்டது நான்தானே அண்ணி. எங்களுக்கு எல்லாப் பல்லும் கூராகும். பீங்கான் ஆகாது.

– ஒரு வருஷம். அவரு சட்ட, சீப்பு, செருப்பு, ஒண்ணு விடாம தினமும் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எங்க போனாருன்னு எதுலயும் இல்ல. வேற எவளோடயோ போயிட்டாருன்னு ஊரே பேசுச்சு. நானும் நம்பிட்டேன் தம்பி. நம்பி, அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

– பையில என்ன தெரியுது?

– ஸ்க்ரூடிரைவர யாரு காலுலயும் குத்தாம உள்ள தள்ளி வைக்கிறாரு. போன எடுத்து என் நம்பரப் பாக்குறாரு. கூப்பிடல. சட்டைப் பைக்குள்ள போட்டுட்டு எழுந்திரிக்கிறாரு. அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. கடைக்குப் போற வழியிலதான் யாரோ கடிச்சிருக்காங்க.

– அக்கா, மன்னிச்சுக்கோங்க. எனக்குச் சத்தியமாத் தெரியாது.

– கடி வாங்கினவங்க நீங்க. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க.

– ஒரு வருஷம் பசிய அடக்கிட்டுத்தான் இருந்திருக்காரும்மா அண்ணன். பதினோரு நாளாத்தான் முடியாமப் போயிருக்கு. அந்தப் பசி எனக்குத் தெரியும். இப்ப நான் சொல்றதச் செய்ங்க. கூப்பிட்ட வாய்தான் நிறுத்தணும். வாசலப் பாத்து, ‘இனிமே வராதீங்க’ன்னு சத்தமாச் சொல்லுங்க.

– இவங்கள வச்சுக்கிட்டு எப்படி சார்?

– சொல்லுங்க. நான் காதப் பொத்திக்கிறேன்.

– இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க.

– அவ்ளோதான். இனிமே உங்க படியத் தாண்ட முடியாது. போய்க் கொஞ்ச நேரம் படுங்கம்மா. மாத்திரைய நான் வாங்கியாரேன்.

– தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. பொண்டாட்டி புள்ள இருக்குற வீட்ட விட்டுட்டு இங்க எதுக்கு வந்தாரு?

– அன்னைக்குக் காலையில அண்ணன் கிளம்பும்போது நீங்க என்ன சொன்னீங்க?

– கேக்காத.

– கேட்டுத்தான் ஆகணும் அண்ணி.

– சண்டை. முந்தின நாளு ஸ்கூல்ல பாப்பா டான்ஸ் ஆடினா, வரேன்னு சொல்லிட்டு மனுஷன் வரல. காலையில செருப்ப மாட்டிட்டு, போயிட்டு வரேன்னாரு. நான் பேசல. மூணு தடவ சொன்னாரு. நான் அடுப்பப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, ‘போய்த் தொலைங்க’ன்னேன். போனாரு. தொலைஞ்சாரு. இந்த நாக்கப் பிடுங்கிப் போட்டுடலாமான்னு ஒரு வருஷமா நினைக்கிறேன்.

– அந்த வார்த்ததான் உங்களக் காப்பாத்தியிருக்கு அண்ணி. அன்னைக்கு நீங்க சிரிச்ச முகமா வழியனுப்பியிருந்தா, இந்த ஓட்டை உங்க கழுத்துல இருந்திருக்கும்.

– என் கழுத்துன்னா பரவால்லையே. பாப்பாவும் அதே வீட்லதானே இருக்கா.

– அவ ஏதாவது சொன்னாளா அன்னைக்கு?

– இல்ல, தூங்கிட்டு இருந்தா. நல்லா ஞாபகம் இருக்கு.

– அப்ப கவலப்படாதீங்க. யாரு வந்து நின்னாலும் ‘வா’ன்னு சொல்லக் கூடாதுன்னு நானும் அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். எட்டு வயசுன்னாலும் கெட்டி, சொன்னா சொன்னதுதான்.

– மணி என்ன?

– நாலேகால்.

– ஸ்கூல் விட்டு வந்திருப்பா. தனியாத்தான் இருப்பா. போன் போடு தம்பி, ஸ்பீக்கர்ல போடு.

– அடிக்குது. இருங்க, எடுத்துட்டா.

– ஹலோ, சித்தப்பா.

– பாப்பா, அம்மா பேசுறேன். சாப்ட்டியா?

– பிஸ்கெட் சாப்ட்டேன். பால்ல ஆடை இருந்துச்சு, அதனால குடிக்கல.

– பரவால்ல. அம்மா சொல்றத நல்லாக் கேளு. யாராவது வந்து வாசல்ல நின்னா, நமக்குத் தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, ‘வா’ன்னு சொல்லக் கூடாது.

– தெரியும்மா. நான் சொல்லவே இல்ல.

– சொல்லவே இல்லன்னா? யாரு வந்தா?

– சொன்னா நீ திட்டுவ.

– திட்ட மாட்டேன் கண்ணு, சொல்லு.

– அப்பா. தினமும் நான் ஸ்கூல் விட்டு வந்ததும் வருவாரும்மா. படிக்கு அந்தப் பக்கம் குடைய விரிச்சு உக்காந்து கத சொல்லுவாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. இன்னைக்கு மட்டும் ‘வாங்கப்பா’ன்னு சொல்லு, சொல்லுன்னு கேட்டுட்டே இருந்தாரு. நான் ஒரு தடவ கூட சொல்லல.

– என் தங்கமே. நல்ல புள்ளடி நீ.

– பாப்பா, சித்தப்பா பேசுறேன். நீ செஞ்சது ரொம்பச் சரி. இதோ, நாங்க ஓடி வந்துட்டே இருக்கோம். அப்பா இன்னும் வெளியவா இருக்காரு?

– ம். பாவம் சித்தப்பா, அழுதாரு. நான்தான் அவரக் கூப்பிடக் கூடாதுல்ல, அதனால அவரே என்ன ‘வா’ன்னு கூப்பிட்டாரு. நான் வெளிய வந்து அவரு மடியிலதான் உக்காந்திருக்கேன்.