இடது பக்கம் சாயுற படகு

இல்லம்மா பிப்பா, நீ என்ன சொன்னாலும் சரி, நீ வித்த இந்தப் படகு இடது பக்கம் சாயுது. வார்த்த அச்சுலயே ஏதோ கோளாறு. வாங்கின அன்னிலேர்ந்து சொல்லணும்னு நெனச்சேன்... சரி, ரெண்டு வருஷமா உன் கடைப் பக்கமே தலை காட்டல, அது வேற கதை. நீயே ஒருவாட்டி ஏறிப் பாரு, தெரியும்.

என்னது, ஏறிப் பாத்துட்டியா? நேத்து நான் இதக் கடையில விட்டுட்டுப் போனதுமேவா? வைமகரிரி ஆத்துலயா... பாலம் வரைக்குமா... தலைமுடி கூட நனையலியா.

ம். அப்போ எனக்கு மட்டுந்தான் சாயுது போல.

எல்லாம் அந்த வார்விக்கால வந்த வினை. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்க எங்க பண்ணைக்கு வருவானே, அவன்தான். பந்தயத்துக்குப் போற எங்க ஆளுங்க, பொண்டாட்டி சௌக்கியமான்னு கேக்கறதுக்கு முன்னாடி படகு எவ்வளவு ஒல்லின்னுதான் கேப்பாங்க. ஒல்லியா இருந்தாத்தானே வேகம். அவனோடது நாப்பத்தேழு சென்டிமீட்டர். அப்போ நான் நாப்பத்தஞ்சு வாங்கித்தானே ஆகணும்? நீயே சொல்லு.

ஓட்டிப் பாக்காம வாங்கலம்மா. ஏவன் ஆத்துல, ஊருக்கு நடுவுல, காத்தே இல்லாத காலையில ஓட்டிப் பாத்தேன். வாத்தெல்லாம் தூங்கிட்டு இருந்துச்சு. சும்மா வழுக்கிக்கிட்டுப் போச்சு. ஆகா, ஆலிஸ்டரு, நீ பொறந்ததே இதுக்குத்தான்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

வேகமான ஆத்துல படகு ஓட்டத் தெரியும்கற சான்றிதழா? அதெல்லாம் இருக்கு. அது இல்லாம பந்தயத்துல விடுவாங்களா. ஆனா... அத வார்விக்கோட மச்சான் படகுல வாங்கினேன். அகலமான படகு, நின்னுக்கிட்டே டீ குடிக்கலாம். சான்றிதழ்ல ஆளு பேரத்தானே எழுதறாங்க, படகு பேர எழுதலியே. அப்படிப் பாக்காதம்மா.

போன பிப்ரவரி பந்தயத்துல என்ன ஆச்சுன்னா... அலை கூட இல்ல. ஆத்தோட ரெண்டு கிளை ஒண்ணாச் சேருற இடத்துல சின்னதா ஒரு சுழிப்பு. அதுல ஆரம்பிச்சதுதான். ஏழு தடவ கவுந்தேன். அஞ்சாவது தடவ விழுந்தப்பவே மீட்புப் படகுக்காரன் என் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டான். ஆறாவதுக்கு பிஸ்கட் குடுத்தான்.

சிரி, சிரி. நானும் சிரிச்சிருப்பேன், நொயலீன் மட்டும் இல்லேன்னா. என் வீட்டுக்காரி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு அணிம்மா. மலை அவளுது, ஆறு என்னுது. நான் பாலத்துல கரையேறினாத்தான் அவ சைக்கிள எடுத்துக்கிட்டு கடல் வரைக்கும் போக முடியும். அம்பத்தெட்டு வயசுல, முட்டி வீங்க மலை தாண்டி ஓடி வந்தவ. பந்தயக் கெடு முடிஞ்சப்புறம் நான் மோட்டார் படகுல, போர்வையப் போத்திக்கிட்டு வந்து எறங்கறேன். அவ தலைக்கவசத்த மாட்டி, வாரை இறுக்கிக்கிட்டு நிக்கறா.

திட்டலம்மா. திட்டியிருந்தா தேவல. வாரை மட்டும் கழட்டினா. சூப் இருக்கு, குடின்னா.

இந்த வருஷமும் பேர் குடுத்திருக்கா. என்னையும் சேர்த்துத்தான். அதான் இந்தப் படகச் சரி பண்ணிக் குடுத்தேன்னா...

அது என்ன தாளு? அய்யோ, படகு வாங்கின அன்னிக்கு நான் எழுதிக் குடுத்ததா? இன்னுமா வெச்சிருக்கே. 'வேகமான தண்ணீரில் எத்தனை தடவை கவிழ்ந்திருக்கிறீர்கள்?' 'ஒரு தடவையும் இல்லை.' ம்ம். என் கையெழுத்துதான். பொய் இல்லம்மா அது. அன்னிக்கு வரைக்கும் நான் வேகமான தண்ணியில எறங்கினதே இல்ல.

தெரியும், தெரியும். நீ அப்பவே சொன்னே. அந்த மூலையில இருக்கற மஞ்சப் படகு எடுத்துக்கோங்க, ஒரு வருஷம் பழகிட்டு வாங்கன்னே. நான்தான், இது என்ன மாட்டுக்குத் தண்ணி வெக்கற தொட்டியான்னு கேட்டேன். கடையில நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

புதுத் தாளா? குடு. பேனாவையும் குடு. எத்தனை தடவைன்னு கேட்டுட்டு இத்துனூண்டு கட்டம் விட்டிருக்கியேம்மா. பழகும்போது விழுந்ததையும் சேக்கணுமா?

...சேத்தே எழுதிட்டேன்.

சரி, அந்தத் தொட்டிய எறக்கு. மஞ்சளே இருக்கட்டும். தூரத்துல வரும்போதே பாலத்துலேர்ந்து அவளுக்குத் தெரியும்.