சத்தம் போடாத வண்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு தோப்புக்காரர்கள். மூத்தவர் சொன்னார்: "ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வாங்குனதுல இருந்து யானை நமக்கு வழி விட மாட்டேங்குது, தம்பி."

"ஏன் அண்ணாச்சி?"

"பழைய டூ ஸ்ட்ரோக் அடிவாரத்துல ஏறும்போதே மலையெல்லாம் கேக்கும். நான் மாந்தோப்புக்குப் போய்ச் சேருமுன்ன யானை விலகிப் போயிரும். இதுல சத்தமே இல்ல. போன வாரம் பாறை வளைவுல திரும்புனா, பத்தடியில நிக்குது."

"என்ன செஞ்சீய?"

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு அப்படியே நின்னேன். அது என்னையச் செத்த நேரம் பாத்துச்சு. பொறவு காட்டுக்குள்ள போயிருச்சு."

"பழைய வண்டியவே எடுங்க."

"அதுக்கு ஸ்பேர் கிடைக்கல. இப்பல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டேதான் மேல ஏறுதேன்."

இளையவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களா? வீட்ல மதினி என்ன சொல்லுதாவ?"

"இனிமே தனியா விடமாட்டேன்னுட்டா. பின்னாடி உக்காந்துக்கிட்டு, நான் மறக்குற வரியெல்லாம் அவதான் பாடுதா."