மாதாவின் பச்சை மேலாடை

சுருக்கமாகப் பேசச் சொன்னீர்களே, தலைமை ஏற்றிருக்கும் மேயர் அவர்களே, அது ஒன்றுதான் எனக்கு வராது! என் பாவங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பங்குச் சாமியார் அவர்களே, தாடி நரைத்த பெரியவர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் மாதா துணை!

இத்தாலியை உண்டாக்கியது யார்? அரசர் என்கிறார்கள். பீரங்கி என்கிறார்கள். நான் கேட்கிறேன், ஊசிக்குப் பங்கில்லையா?

நம் ஊரில் ஆஸ்திரியக் கொடி பறந்த காலம். பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்தால் இத்தாலிக் கொடி; சேர்த்தவருக்குச் சிறை. ஓர் ஆகஸ்டில், திருவிழாவுக்கு முன், கோயில் மாதா சிலையின் நீல மேலாடையைப் பூச்சி அரித்துவிட்டது. சிவப்பு அங்கி இருக்கிறது, வெள்ளை முக்காடு இருக்கிறது. தையற்காரி ஓர்சோலா புது மேலாடைக்கு எடுத்த துணி என்ன நிறம்? பச்சை! யாரங்கே சிரிப்பது? அன்றைக்குச் சிரித்திருந்தால் தெரிந்திருக்கும்!

மாதாவைச் சுமந்த சப்பரம் கோயில் வாசலைத் தாண்டிச் சதுக்கத்துக்கு வந்தது. ஆஸ்திரியக் கேப்டன் மறித்தான். பின்னால் ஆறு சிப்பாய்கள்.

"அந்தப் பச்சையைக் கழட்டு. இல்லேன்னா தைச்சவளை இழுத்துட்டுப் போயிடுவேன்."

ஓர்சோலாவின் புருஷன் ஏற்கெனவே சிறையில். தோளில் கைக்குழந்தை. அவளும் போனால் அந்தக் குழந்தைக்கு யார்? பெண்கள் கூட்டத்திலிருந்து நான்தான் வாய் திறந்தேன்.

"கழட்டறோம் ஐயா. ஆனா மாதாவுக்கு உடுப்பு மாத்தறப்போ ஆம்பளை கண்ணு படக்கூடாது. எங்க ஊர் வழக்கம்."

"அப்ப உள்ள தூக்கிட்டுப் போ."

"வாசல் தாண்டின சப்பரம் ஊரைச் சுத்தாம உள்ள போகக்கூடாதே! அதுவும் வழக்கம்."

"உங்க ஊர்ல வழக்கத்துக்குப் பஞ்சமே கிடையாதா?"

"மாவுக்குத்தான் பஞ்சம். நீங்களும் ஞானஸ்நானம் வாங்கினவர்தானே ஐயா? உங்கம்மா பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

கேப்டன் முறைத்தான். பிறகு திரும்பினான். சிப்பாய்கள் திரும்பினார்கள். நம் ஆண்களும் சப்பரத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

பெண் தோள் படாத சப்பரம் அது. அன்று பட்டது! எட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றினோம். தூக்கினோம். நடந்தோம். ஜெபத்தை நெஞ்சுக்குள் அடக்கி நடந்தோம். சந்து சந்தாய், சன்னல் சன்னலாய், மூன்று நிறமும் ஊரைச் சுற்றி வந்தன. சன்னலுக்குள் முழங்காலிட்டார்கள். ஒரு குரல் எழவில்லை!

சதுக்கத்தில் காவலுக்குக் கிழவி மேனிகா மட்டும்.

"ஆச்சா?" என்றானாம் கேப்டன்.

"திரும்பிடாதீங்க ஐயா! மாதா உள்பாவாடையோட நிக்கிறா!"

நாங்கள் திரும்பி வந்து, சப்பரத்தை இறக்கி, பச்சையைக் கழற்றிய பிறகுதான் கூப்பிட்டோம்.

"இவ்வளவு நேரமா?"

"பொம்பளை உடுத்தறதுன்னா சும்மாவா ஐயா?"

அவன் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஓர்சோலா குழந்தையோடு வீடு போய்ச் சேர்ந்தாள். தாய்மார்களே, இந்த நாட்டைத் தூக்கிய தோள்களில் அந்த எட்டும் உண்டு என்பதை மறவாதீர்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.

இருங்கள் மேயர், மணியை அடிக்காதீர்கள். இப்போதுதான் நினைவு வருகிறது. கேப்டன் முகம் திருப்பி நின்றது மருந்துக்கடைப் பக்கம். அந்தக் கடைக்கு அப்போதே ஆள் உயரக் கண்ணாடிக் கதவு. கோயில் வாசலும் சதுக்கமும் முழுவதும் அதில் தெரியும்.